கோழிக்குஞ்சுகளின் அரை நோன்பு

நான் வேலை பார்த்த கோழிக்குஞ்சு ஹேச்சரிக்குப் புது இயந்திரம் ஒன்று வந்திருக்கிறது. பொரித்து ஈரம் உலர்ந்த குஞ்சுகளைப் பெட்டியோடு அதன் அடியில் தள்ளினால் போதும். மேலிருந்து தடுப்பு மருந்து சொட்டுச் சொட்டாக விழுகிறது. ஒன்றின் முதுகில் விழுந்த சொட்டை இன்னொன்று கொத்திக் குடித்துவிடுகிறது. ஓய்வுபெற்றவர்களின் வாட்ஸாப் குழுவில் இதை வீடியோவாகப் போட்ட இன்றைய ஊழியர்கள் கூடவே ஒரு வேண்டுகோளும் வைத்தார்கள்: "கதிர் அண்ணே, முதல் தவணைக்குத்தான் மெஷினு. அடுத்த தவணையெல்லாம் இன்னும் தண்ணியிலதான் குடுக்கறோம். அதைப் பத்தி நம்ம ஹேச்சரி ஆண்டு மலருக்கு எழுதுங்க. ஆனா தேதி வேணாம்."

இந்தக் கடைசி வாக்கியத்துக்குக் காரணம் உண்டு. எனக்குத் தேதிப் பைத்தியம். எங்கள் கல்யாண நாளை மறந்தவன், முதல் இன்குபேட்டர் லாரியில் வந்து இறங்கிய நாளை மட்டும் கிழமை, மழை நிலவரத்தோடு சொல்கிறேன் என்று என் மனைவி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். போன மலருக்கு நான் எழுதிய கட்டுரையில் தேதிகளை நீக்கியபோது மிஞ்சியது முக்கால் பக்கமாம். இந்த முறை மலர்ப் பொறுப்பாளரிடம் பேரம் பேசி, கிழமைகளுக்கு மட்டும் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

நான் வைத்திக்குப்பத்தில், கடலுக்குப் போகிற வீட்டில் பிறந்தவன். படகு அலையில் கொஞ்சம் ஏறி இறங்கினாலே எனக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். "இவன் மீன் பிடிக்க வரல. மீனுக்குச் சோறு போட வர்றான்" என்று அப்பா என்னைக் கரையில் இறக்கிவிட்டார். கரையில் கிடைத்த வேலை கோழி. என் பயிற்சிக் காலத்தில் சொல்லத்தக்கது ஒன்றே ஒன்றுதான். சால்மோனெல்லா என்ற குடல் கிருமி பற்றிய முதல் வகுப்பில் நான் கை தூக்கி, "சார், சால்மன் மீன்லேர்ந்து கோழிக்கு வந்துச்சா?" என்று கேட்டேன். பாடம் நடத்தியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அலோர்... அது ஒரு மனுஷரோட பேரு. மீனுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. உட்காருங்க." அன்றிலிருந்து ஓய்வுபெறும் நாள்வரை ஹேச்சரியில் என் பெயர் சால்மன்.

அப்படிப் பாடம் நடத்தியவர்தான் டாக்டர் அந்துவான், எங்கள் கால்நடை மருத்துவர். வீட்டில் பிரெஞ்சும் வெளியில் தமிழும் பேசுகிற குடும்பம். பாதி வாக்கியங்களை "அலோர்" என்று தொடங்காமல் அவருக்கு வாய் வராது. அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருமுறை கேட்டேன். "அர்த்தம் ஒண்ணுமில்ல. யோசிக்கக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். நீங்களும் அப்பப்போ சொல்லிப் பாருங்க" என்றார். அவர் யாரையும் திட்டியதில்லை. சாதாரண நாளில் எல்லோரையும் பெயர் சொல்லி அழைப்பார். கோபம் வந்தால் 'மிஸ்டர்' சேர்ந்துகொள்ளும். நான் பெரும்பாலும் மிஸ்டர் கதிர்வேலுவாகவே இருந்தேன்.

தண்ணீரில் மருந்து கொடுப்பதை அவர் ஒரு பூசை போல நடத்துவார். இந்த மருந்து உயிருள்ளது. நோய் தரும் கிருமியையே வலுவிழக்கச் செய்து, உலர்த்தி, சின்னக் கண்ணாடிக் குப்பியில் அடைத்திருப்பார்கள். அது உயிரோடு குஞ்சின் குடலுக்குள் போனால்தான் பலன். வழியில் செத்துவிட்டால் நாம் கொடுத்தது வெறும் தண்ணீர். அதனால் டாக்டர் முதலில் பண்ணைத் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து முகர்வார். குளோரின் வாடை லேசாக அடித்தாலும் கொட்டச் சொல்லிவிடுவார். வாடையே இல்லாவிட்டாலும் கொழுப்பு நீக்கிய பால் பவுடரைக் கரைத்து, எங்கேயாவது ஒளிந்திருக்கிற குளோரினை அது மடக்கும்வரை காத்திருப்பார். தண்ணீர்த் தட்டுகளைச் சோப்பு, கிருமிநாசினி எதுவும் படாமல் கழுவ வேண்டும். முன்னும் பின்னும் சில நாட்களுக்குத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கூடாது. குப்பியைக் காற்றில் திறக்கக் கூடாது. வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்திப் பிடித்து, அங்கேயே மூடியை எடுக்க வேண்டும். கடைசியாக ஒரு நீல மாத்திரை. தண்ணீர் நீலமாகும். குடித்த கோழியின் நாக்கும் நீலமாகும். நாலைந்தைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தால் மருந்து போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துவிடும்.

இதில் ஒரே ஒரு கஷ்டம்தான். எல்லாக் கோழிகளும் ஒரே நேரத்தில் குடிக்க வேண்டும். மருந்து தண்ணீரில் அதிக நேரம் தாங்காது. ஆகவே இரண்டு மணி நேரம் முன்னதாகவே தண்ணீரை எடுத்துவிட்டுத் தாகம் எடுக்க வைக்க வேண்டும். தீவனத்தை மட்டும் எடுக்கக் கூடாது, ஏனென்றால் கோழி தின்றால்தான் குடிக்கும். இந்தத் தாகத்தைப் பண்ணைக்காரர்களுக்கு விளக்குவது என் பொறுப்பு.

எனக்கு அது பிடித்த வேலை. நிறையப் படிக்கிறவன் என்ற நினைப்பும், எதையும் உவமையில் சொன்னால்தான் ஜனங்களுக்கு ஏறும் என்ற கொள்கையும் எனக்கு இருந்தன. மருந்துக் கிருமி முதலில் போய்க் குடலில் இடம் பிடித்துக்கொள்ளும், பிறகு கெட்ட கிருமி வந்தால் உட்கார இடமிருக்காது என்பதை, "விழுப்புரம் பஸ்ஸுல ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட் பிடிக்கிற மாதிரி" என்று சொல்வேன். ரெட்டியார்பாளையத்தில் ஒரு பண்ணைக்காரர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அப்ப கெட்ட கிருமி நின்னுக்கிட்டே வருமே?" என்று கேட்டார். அன்று திரும்பும் வழியெல்லாம் டாக்டருக்கு நான் மிஸ்டர் கதிர்வேலு.

இனி ஜெய்புன் அக்காவின் கோழிக் கொட்டகைக்கு வருகிறேன்.

தவளக்குப்பத்தில், கடலூர் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது அது. அக்காவின் கணவர் காதர் பாய் சாமியானா, நாற்காலி, பிரியாணி அண்டா வாடகைக்கு விடுபவர். கடைக்கு அவர் அப்பா பெயர், வீட்டுக்கு அவர் பெயர். கோழிக் கொட்டகையின் கரண்ட் பில் மட்டும்தான் ஜெய்புன்னிசா என்ற பெயருக்கு வரும். அக்காவின் முட்டைகளை டவுனில் கடற்கரைப் பக்கம் உள்ள ஒரு பேக்கரி வாங்கிக்கொண்டிருந்தது. அங்கே பச்சை முட்டையின் மஞ்சள் கருவை எண்ணெயோடு அடித்து மயோனேஸ் செய்வார்கள். அடுப்பைப் பார்க்காத முட்டையில் கிருமி இருந்தால் சாப்பிடுகிறவருக்கு நேரே ஆஸ்பத்திரிதான். முந்தைய கோழிக் கூட்டத்தில் மெலிந்த குஞ்சுகள் கழிந்து கழிந்து செத்தன. மிஞ்சியவற்றில் நடந்த சோதனையிலும் சால்மோனெல்லா தெரிந்தது. பேக்கரிக்காரர் மிக மரியாதையாக முட்டையை நிறுத்தினார். அடுத்த கூட்டத்துக்கு மருந்து கொடுத்து, முட்டையிடும் சமயத்தில் சோதனை சுத்தமாக வந்தால் திரும்ப வாங்குவதாகச் சொன்னார்.

காதர் பாயின் தீர்ப்பு அதைவிடச் சுருக்கம். "இதுவும் போச்சுன்னா கொட்டாய்க்கு ஷட்டர் போட்டு நாற்காலியை அடுக்கிடுவேன். நாற்காலி கழியாது."

முதல் தவணை ஒழுங்காக நடந்தது. இரண்டாவது தவணை வரும்போது குஞ்சுகளுக்கு ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ரமலான் மாதம், அதுவும் நல்ல வெயில் காலம். புதன்கிழமை மாலை நான் போய் அக்காவிடம் மறுநாள் வேலையை விளக்கினேன். தண்ணீரை எப்போது எடுக்க வேண்டும், ஏன் எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தபோது என் கெட்ட நேரம், அற்புதமான உவமை ஒன்று கிடைத்தது.

"சுருக்கமாச் சொன்னா, காலையில குஞ்சுகளுக்கு நோன்புக்கா. தண்ணிக்கு மட்டும் நோன்பு. நான் வந்து மருந்துத் தண்ணி வெச்சதும் நோன்பு திறந்துரும்."

அக்கா முகம் மலர்ந்தது. "இப்படிச் சொன்னா எனக்குப் புரியாதா தம்பி? நீ போ, நான் பாத்துக்கறேன்." அன்று இரவு நான் என்னை மெச்சிக்கொண்டு தூங்கினேன்.

வியாழக்கிழமை காலை போனேன். தட்டுகள் பளிச்சென்று இருந்தன, தீவனம் அதன் இடத்தில் இருந்தது, கொட்டகை நடுவில் புதிதாக ஒரு வலைத் தடுப்பு இருந்தது. காற்றோட்டத்துக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். முகர்ந்து, கலக்கி, குப்பியைத் தண்ணீருக்குள் திறந்து, நீலத்தைப் போட்டு ஊற்றினேன். இந்தப் பக்கத்துக் கோழிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குடித்தன. பிடித்துப் பார்த்த நாக்கெல்லாம் பேனா மை உறிஞ்சியது போல நீலம்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் போனேன். அங்கே இருந்தவை சின்னதும் மெலிந்ததுமாக இருந்தன. தட்டருகே வந்தன, ஒரு கொத்து கொத்தின, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுத் தீவனத்துக்குப் போய்விட்டன. ஒன்றைப் பிடித்தேன், நாக்கு ரோஜா நிறம். இன்னொன்றும் அப்படியே. அதற்குள் வியர்வை துடைத்ததில் என் முகம்தான் நீலமாகியிருந்தது.

"அக்கா, இந்தப் பக்கம் தண்ணியை எப்ப எடுத்தீங்க?"

"உன் வண்டிச் சத்தம் கேட்டுச்சு. அப்பத்தான் எடுத்தேன்."

"ஏன்க்கா? அந்தப் பக்கத்துக்கு மட்டும் முன்னாடியே எடுத்தீங்களே?"

"இன்னா கேள்வி கேக்கற? நோன்புன்னு நீதானே சொன்னே? குழந்தைக்கும் நோயாளிக்கும் நோன்பு கடமையா? கெட்டிப் பசங்களுக்கு மட்டும் வெச்சேன். மெலிஞ்சதுங்களை ஒவ்வொண்ணாத் தூக்கிப் பாத்துப் பிரிச்சு விட்டேன் தம்பி. இடுப்பே போச்சு."

அவள் முகத்தில் வேலையைச் செவ்வனே முடித்த திருப்தி இருந்தது. முந்தைய கூட்டத்தில் முதலில் செத்தவை மெலிந்தவை. இந்தக் கூட்டத்திலும் மருந்து எதற்கு மிகவும் தேவையோ, அவற்றை மட்டும் என் உவமை பொறுக்கி எடுத்துத் தள்ளி வைத்திருந்தது. டாக்டருக்குப் போன் செய்தேன்.

"அலோர். நீங்க என்ன சொன்னீங்க?"

"தண்ணியை எடுக்கச் சொன்னேன் சார்."

"அது எனக்குத் தெரியும். என்ன வார்த்தை சொன்னீங்க?"

"நோன்புன்னு... சார்."

"நான் வரேன், மிஸ்டர் கதிர்வேலு."

ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். கையிருப்பில் இருந்த கடைசிக் குப்பி அதில் இருந்தது. நான் கலந்து வைத்தது அதற்குள் வீணாகத் தொடங்கியிருக்கும். அவர் நேராக அக்காவிடம் போனார்.

"மதாம், இப்பவே இந்தப் பக்கம் தண்ணியை நிறுத்தணும். ரெண்டு மணி நேரம். அப்புறம் நான் புதுசாக் கலந்து தரேன்."

"முடியாது டாக்டர்."

"மதாம்..."

"இந்த வெயில்ல முடியாது. நான் நோன்புலதான் இருக்கேன். இப்பவே எனக்கு நாக்கு ஒட்டுது. நான் தெரிஞ்சு வெச்சிருக்கேன், தாங்கிக்குவேன். அதுங்களுக்கு இன்னா தெரியும்? எதுக்குத் தண்ணி இல்லன்னு அதுங்க யாரைக் கேக்கும்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார். யோசிக்க "அலோர்"கூடச் சொல்லாமல் அவர் நின்றதை நான் முதல்முறையாக அன்றுதான் பார்த்தேன்.

"அப்ப நாளைக்கு விடியற்காலையில, வெயிலுக்கு முன்னாடி வெச்சுக்கலாமா அக்கா?" என்றேன்.

"நாளைக்கு மட்டும் அதுங்க பெரியாளு ஆயிருமா? நீ சும்மா இரு தம்பி. நோன்புன்னு சொன்ன வாயி."

இந்த நேரத்தில் முந்தின இரவு ஒரு இஃப்தார் விருந்துக்குப் போட்ட நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு காதர் பாய் வந்தார். கொட்டகை வாசலில் நின்று எங்கள் மூவரையும் பார்த்தார். என் நீல முகத்தைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார்.

"இன்னாய்யா இது, ஹோலியா?"

நடந்ததை அக்காவே சொன்னாள். நல்லவேளை, என்னைவிடச் சுருக்கமாகச் சொன்னாள். இத்தோடு கதை முடிந்தது, அடுத்து வருவது ஷட்டர்தான் என்று நான் நினைத்தேன். பாய் வலைக்கு அப்பால் மெலிந்த குஞ்சுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அக்கா பக்கம் திரும்பினார்.

"ஏன் ஜெய்புன், நம்ம பெரியவன் ஒண்ணாவது படிக்கறப்போ இன்னா வெச்சான்?"

"இன்னாத்த வெச்சான்?"

"நோன்பு மாசத்துல."

"அரை நோன்பு."

"அவனுக்குக் கடமையா?"

"இல்ல. அடம் பிடிச்சான்." அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மத்தியானம் லுஹர் பாங்கு சொல்றதுக்குள்ள எத்தினி தடவை மணி கேட்டான்! கடைசியில மோர் சொம்பைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான்."

"செத்தா போயிட்டான்? இன்னிக்கு என்னைவிட நாலு இட்லி சேத்துத் திங்கறான். இதுங்களுக்கும் அரை நோன்பு வெய்யி. நீ உள்ளயே உக்காரு. ஒண்ணு துவண்டாக்கூட அதுக்குத் தண்ணி குடுத்துரு. டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர்.

அக்கா தன் கணவரைச் சந்தேகத்தோடு பார்த்தாள். "நாற்காலி அடுக்க உனக்குத்தான் கொட்டாய் வேணுமே? நீ எதுக்கு இதுங்களுக்குப் பரிஞ்சு பேசற?"

"கொட்டாய் வேணும்தான். அதுக்காகச் செத்த குஞ்சுங்களைக் கூடையில அள்ளிட்டு நீ திரும்பவும் என் எதிர்ல நடக்கணுமா? போ, உள்ள போய் உக்காரு."

பாய் ஆட்களைக் கூப்பிட்டு நாற்காலிகளுக்குப் போர்த்தியிருந்த சாக்குகளை நனைத்து வெயில் பக்கம் தொங்கவிட்டார். அக்கா குஞ்சுகள் நடுவில் ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்துகொண்டாள். வாயைத் திறந்து மூச்சு வாங்கிய குஞ்சுகளை எடுத்து, சாக்கு ஈரம் படும் இடத்தில் விட்டாள். சில குஞ்சுகளுக்கு உள்ளங்கையில் தண்ணீரும் காட்டினாள். டாக்டர் அதைப் பார்க்காதது போல வெளியே போய்த் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கொடுத்த வேலை, வாயைத் திறக்காமல் பால் பவுடர் கரைப்பது.

குப்பியை டாக்டரே தண்ணீருக்குள் திறந்தார். தட்டை வைத்ததும் மெலிந்தவை வந்தன. முதலில் ஒன்று அலகை அமிழ்த்திக் கழுத்தை மேலே தூக்கி விழுங்கியது. பிறகு எல்லாம் சேர்ந்து மொய்த்துக்கொண்டன. அக்கா ஒவ்வொன்றாகப் பிடித்து வாயைப் பார்த்தாள். நாலைந்தைப் பார்த்தால் போதும் என்று டாக்டர் சொன்னது அவள் காதில் விழவில்லை. எல்லா நாக்கும் நீலமானது உறுதியான பிறகுதான் எழுந்தாள். எழுந்ததும் என்னிடம் வந்தாள்.

"அரை நோன்புன்னு ஆரம்பத்துலயே சொல்லியிருந்தா இவ்ளோ பாடு எதுக்கு? பெரிசு பெரிசா புஸ்தகம் படிக்கறியே தம்பி, அரைன்னு ஒரு வார்த்தை அதுல எங்கயும் வரலியா?"

திரும்பிய மறுநாளே டாக்டர் எனக்கு ஒரு உத்தரவு போட்டார். இனி பண்ணைகளில் நான் சொல்லவேண்டியது இவ்வளவுதான்: "தண்ணீரை எடுங்கள். எல்லாக் கோழிகளுக்கும் எடுங்கள். தீவனத்தை எடுக்காதீர்கள்." பஸ், துண்டு, சீட், நோன்பு, தேர்தல், மாமியார் எதுவும் கூடாது. தேர்தலையும் மாமியாரையும் நான் எங்கே பயன்படுத்தினேன் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்பது இன்றுவரை மர்மம். இன்று தண்ணீரில் மருந்து கொடுக்கிற தம்பிகள் என் அனுபவத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதும் அந்த மூன்று வாக்கியங்கள்தான். மீதியெல்லாம் மலரின் பக்கத்தை நிரப்ப.

மூன்றாம் தவணையும் முடிந்து, கோழிகள் முட்டையிடத் தொடங்கியபோது சோதனைக்குப் போனேன். செருப்பின்மேல் துணி உறையை மாட்டிக்கொண்டு கொட்டகை முழுவதும் எச்சத்தை மிதித்து நடந்து, அந்த உறையைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். இத்தனை படித்தவன் கோழி எச்சத்தில் நடை பழகுவதைப் பார்க்க பாய் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கெட்டிக் கோழிகள் பக்கத்துக்கு ஒரு ஜோடி உறை, மெலிந்தவை பக்கத்துக்குத் தனியாக ஒரு ஜோடி. அப்படிப் பிரித்தது அக்காவின் பிடிவாதம்.

முடிவு வரும்வரை அக்கா என்னைப் போனில் கூப்பிடவே இல்லை. அதுவரை தினமும் கூப்பிடுகிறவள் அவள். ஒரு செவ்வாய்க்கிழமை, ஆபீசில் எல்லோரும் இருக்கும்போது முடிவு வந்தது. இரண்டு ஜோடிக்கும் ஒரே வரி: சால்மோனெல்லா காணப்படவில்லை. உடனே போன் செய்தேன்.

"அக்கா, காணப்படலன்னு வந்திருக்கு."

"காணப்படலன்னா நல்லதா, கெட்டதா?"

"நல்லதுக்கா. கிருமி இல்ல. பேக்கரிக்கு முட்டை போகலாம்."

"மெலிஞ்சதுங்க பக்கம்?"

"அங்கயும் இல்லக்கா."

எதிர்முனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம், கதவுச் சத்தம், நூற்றுக்கணக்கான கோழிகளின் இரைச்சல்.

"நீயே சொல்லு தம்பி. போனை அதுங்க பக்கம் காட்டறேன். அன்னிக்கு அதுங்களைப் போட்டு அந்தப் பாடு படுத்தினியே, இப்ப உன் வாயால சொல்லு."

ஆபீசில் எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளலாமா என்று நினைத்தேன், அது இன்னும் கேவலமாக இருக்கும் என்று தோன்றியது. போனை வாயருகே பிடித்து, "உங்களுக்கு ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கீங்க" என்றேன்.

"சத்தமாச் சொல்லுப்பா," என்றாள் அக்கா, "பின்னாடி நிக்கறதுங்களுக்குக் கேக்கல."

இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன்.